நான் எழுதாத சிவப்பு அட்டை

மகனே,

நாட்டு அணியின் படத்தை உன் அக்கா அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். நீல நிறக் கோட்டு போட்டு எத்தனையோ பேர் வரிசையாக நிற்கிறீர்கள். இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் நீ. மார்பில் நாட்டின் பெயர். உன் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை வாங்கிப் படத்தை நகர்த்திக் காலைத் தேடினேன். படம் முழங்காலோடு வெட்டுப்பட்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை விமானம் ஏறப் போகிறாய். பொங்கலிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் பயிற்சி முகாம் விலாசத்துக்கு எழுதுகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல இதை எழுதவில்லை. உன்னோடு ஜோடியாக நடக்கப் போகிற அந்த வடநாட்டுப் பெண்ணுக்காக எழுதுகிறேன். நீ கொஞ்ச தூரம், பிறகு அவள், மறுபடி நீ, மறுபடி அவள் என்று மாறி மாறி நடக்கும் போட்டி அது. உனக்கு விழும் சிவப்பு அட்டை அவள் பெயரிலும் சேரும். உன் நடையில் ஒரு குறை இருக்கிறது. அது அவளையும் சேர்த்து வெளியே தள்ளும். எட்டு வருடமாக எனக்கு அது தெரியும். தெரிந்தும் மறைத்தவன் நான். கிளம்புவதற்குள் நீ அவளிடம் அதைச் சொல்லியாக வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

கூட்டேரிப்பட்டில் பஞ்சர் ஒட்டுகிறவன் எப்படி நடுவரானான் என்று ஊரே கேட்டது. எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான் நான். உனக்கு ஓட்டம் சரியாக வராது, இடுப்பு நன்றாகத் திரும்புகிறது, நடைப் போட்டிக்கு வரட்டும் என்று திண்டிவனத்தில் உன் விளையாட்டு ஆசிரியர் சொன்னபோது, அப்படி ஒரு போட்டி இருப்பதே எனக்குத் தெரியாது. விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லாரி வராத நேரமாகப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தேன். புரியாத வரியைச் சாக்பீஸால் கடைச் சுவரில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். படித்து முடித்து மாவட்ட நடுவர் தேர்வும் எழுதினேன். பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர் தோற்ற தேர்வு அது. அப்படியும் என்னைப் ‘பஞ்சர் ஜட்ஜ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, கடுகு அளவுகூட இல்லாத ஓட்டையை ஒரே ஒரு குமிழியை வைத்துக் கண்டுபிடிக்கிற கண் அவர்களில் யாருக்கும் கிடையாது.

அந்த விளையாட்டுக்குக் கண்தான் எல்லாம். இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டுவிடக் கூடாது, ஏதாவது ஒரு கால் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விதியில் முக்கியமானது இவ்வளவுதான். கருவி வைத்துப் பார்ப்பதில்லை. நடுவர் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு காலும் அந்தரத்தில் இருப்பதைக் கண்டால் அந்த எண்ணை ஒரு சிவப்பு அட்டையில் எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்ப வேண்டும். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் அவன் வெளியே. டீக்கடைக் கோவிந்தன் இதை வைத்து அடித்த கிண்டல் உனக்கு நினைவிருக்கும்.

“இன்னாண்ணே, உம் புள்ள இடுப்ப ஆட்டிக்கினு தினம் எங்கதான் போறான்? பஸ்ஸுல ஏத்தி உட்டா ஜல்தியா போய்ச் சேந்துடுவான்ல?” என்றான். நான் விதியை விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தான். “ரெண்டு காலும் தரையில படலன்னா அது பேயிண்ணே. அதுக்கு அட்டை எழுதினா போவுமா? வேப்பிலைய எடு.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்குப் பேய் பிசாசில் அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. இனி எழுதப் போவதைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதே. நான் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன். அதற்குப் பெயர் வைக்கவில்லை.

உன்னை வதைத்தேன் என்று உன் அம்மா இன்றும் சொல்வாள். உன் அக்கா கல்யாணத்தன்று மயிலத்தில் முகூர்த்தத்துக்கு முன் உன் பயிற்சியை முடிக்கச் சொல்லி அனுப்பினேன். நீ வந்து சேர்வதற்குள் பொரியிடும் சடங்கு முடிந்திருந்தது. தம்பி நிற்க வேண்டிய இடத்தில் உன் சித்தப்பா மகன் நின்று உன் அக்கா கையில் பொரி போட்டான். அவள் அழுதாள். அதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. ஒரு நாள் விட்டால் ஒன்பது நாள் விடத் தோன்றும், அவ்வளவுதான். வருத்தப்படுகிற காரியம் வேறு ஒன்று.

எட்டு வருடத்துக்கு முன் விழுப்புரத்தில் நடந்த மாவட்டத் தேர்வுப் போட்டியை நினைத்துப் பார். மார்கழி. கோலியனூர் போகிற சாலையில் ஒரு பக்கத்தை அடைத்து, விடிந்தும் விடியாததுமாகப் போட்டியை ஆரம்பித்தார்கள். நடுவர்கள் போதவில்லை. மகன் நடக்கிற போட்டியில் அப்பன் நடுவராக நிற்கலாமா என்று நானே கேட்டேன். ‘உங்களவிட கறாரான ஆளு யாரு இருக்காங்க?’ என்று சிரித்துவிட்டுச் சாலை திரும்பும் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். பனி அப்படி ஒரு பனி. பத்து அடிக்கு அப்பால் சாலையே இல்லை. பக்கத்து நடுவர் நிற்பதும் தெரியவில்லை. வருகிறவர்களை முதலில் காதால்தான் கேட்டேன். தப், தப், தப் என்று ஷூ தரையில் படும் சத்தம் வரும், பிறகு ஆள் வருவான். ஒவ்வொரு சுற்றிலும் நீதான் முதலில் வந்தாய். உன் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். ஐந்து வருடம் உன் பின்னால் மொபெட்டில் வந்தவன் இல்லையா?

கடைசிக்கு முந்தின சுற்றில் எந்தச் சத்தமும் வரவில்லை. இன்னும் யாரும் வரவில்லை என்று குனிந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது நீ எனக்கு நேராக வந்துகொண்டிருந்தாய். இடுப்பு திரும்புகிறது, கை வீசுகிறது, கால் முன்னால் போகிறது, பின்னால் வருகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. கீழே பார்த்தேன். உன் ஷூவுக்கும் தாருக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி. அந்த இடைவெளியில் பனி நகர்ந்துகொண்டிருந்தது. வலது கால் இறங்கி வந்தது, தரையைத் தொடாமல் பின்னால் போனது. இடது கால் இறங்கியது, தொடாமல் போனது. அசதியில் எழும்புகிறவனைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நொடியில் சிறு துளி நேரம். இது அப்படி இல்லை. உன் மார்பில் இருந்த எண்ணை நான் நிதானமாகப் படித்து முடிக்கும் வரைக்கும் நீ தரையில் இல்லை. உன் முகத்தில் ஒன்றும் இல்லை. என்னைத் தாண்டும்போது நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அட்டை கையில் இருந்தது. பேனாவைத் திறந்திருந்தேன். எழுதவில்லை. பயத்தில் எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அந்தப் போட்டியில் முதலாக வருகிறவனுக்கு மாநிலத் தேர்வுப் போட்டி, அதிலிருந்து முகாம். அதை நினைத்தேன். பார்த்தது நான் ஒருவன்தான், அதையும் நினைத்தேன். உனக்குச் சில அடி பின்னால் அனந்தபுரத்து ஏழுமலை வந்தான். எனக்கு முன்னால் அவன் கால் இரண்டு முறை எழும்பியது, எல்லோரும் எழும்புவது போலக் கொஞ்சமாக. திறந்து வைத்த பேனாவால் அவன் எண்ணை எழுதினேன். அவனுக்கு அது மூன்றாவது அட்டை. முடிவதற்கு ஒரு சுற்று இருக்கும்போது அவனை நிறுத்திவிட்டார்கள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். “சார், உங்களுக்குத் தெரியும்” என்றான். விதிப்படி எழுதினேன் என்று சொன்னேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒரு ஆளை ஏமாற்ற முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து நீ மேலே மேலே போனாய். நான் உன் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் வருகிற போட்டிகளைப் போனில் எடுத்து வைத்து மெதுவாக ஓட விட்டுப் பார்ப்பேன். மற்றவர்களின் நிழல் அவரவர் ஷூவோடு ஒட்டிக்கொண்டு போகும். உன் நிழல் ஷூவுக்குக் கீழே தனியாகப் போகும். உன் அம்மாவிடம் காட்டினேன். “நல்லாத்தான நடக்குறான். ஏங்க, உங்க கண்ணுதான் கெட்டுப்போச்சு, போய்க் காட்டுங்க” என்றாள். திண்டிவனத்தில் கண் டாக்டரிடம் போனேன். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, இடது கண் முப்பது வயசுக்காரன் கண் மாதிரி இருக்கிறது என்றார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தேன். இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

பொங்கலுக்கு நீ வந்தபோது நடந்ததை நீ சண்டை என்று நினைக்கிறாய். சண்டைக்கு முன் நடந்தது உனக்குத் தெரியாது. விடிகாலையில் உன் அம்மா சாணி கரைத்து வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவு எடுக்க உள்ளே போனாள். நீ ஷூ போட்டுக்கொண்டு அந்த ஈரத்தில் நடந்து ரோட்டுக்குப் போனாய். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன். உன் அம்மாவின் கால் விரல்கள் ஐந்தும் தெளிவாக இருந்தன. பால்காரன் செருப்பு பதிந்திருந்தது. ஒரு காக்கை நடந்துபோன தடம்கூட இருந்தது. நீ போன வழியில் ஒன்றும் இல்லை. தெளித்த புள்ளிகள் தெளித்தபடியே இருந்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். அழுந்தியது. நீ திரும்பி வந்ததும் அதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.

“கால் தரையில படலடா உனக்கு.”

“இன்னாப்பா காலங்காத்தால பேஜாரு பண்ணிக்கினு? எத்தினி நாட்டு ஜட்ஜுங்க பாத்துட்டாங்க. ஒருத்தராவது எழுதினாங்களா? உனக்கு மட்டும் எப்டிப்பா தெரியுது?” என்றாய். அதோடு விடவில்லை. “ஜட்ஜா இருந்தது போதும். கொஞ்ச நாளு அப்பாவா இரு” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். பொங்கல் பானை அடுப்பில் இருந்தது. சாப்பிடாமல் போனதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. எனக்கு மட்டும் ஏன் தெரிகிறது?

பதில் போன வாரம் கிடைத்தது. உனக்கு ஜோடியாக நடக்கப் போகிற பெண்ணின் பெயர் செய்தியில் வந்த அன்று, நான் செஞ்சி போய் வேறு பஸ் மாறி அனந்தபுரத்துக்குப் போனேன். ஏழுமலை மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்குக் களை எடுக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டான். வரப்பில் உட்காரச் சொன்னான். நான் உட்காராமல், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று உன்னைப் பார்த்ததையும், எழுதாததையும், அவனை எழுதியதையும்.

“இதுக்கா சார் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தீங்க?” என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “எனக்கு அப்பவே தெரியும் சார். நாந்தான பின்னாடி வந்தேன். அவன் கால் சத்தத்தப் புடிச்சிக்கினுதான் வந்தேன், பனியில வேற ஒண்ணும் தெரியல. திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. ஆளு நின்னுட்டான்னு நெனச்சேன். பாத்தா போய்க்கினே இருக்கான். கீழ பாத்தேன். மயிர் கூச்செடுத்துச்சு சார். பயத்துல ரெண்டு எட்டு ஓடிட்டேன். அதத்தான் நீங்க எழுதினீங்க.”

ஆக, அவன் எழும்பியது உன்னைக் கண்டு பயந்து. உன் குற்றத்துக்கு அவன் வெளியே போனான். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவனே பேசினான். “எனக்கு நீங்க செய்ய ஒண்ணும் இல்ல சார், நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க அன்னைக்கே எழுதியிருந்தா அது அன்னையோட போயிருக்கும். எழுதாம மூடி வெச்சீங்க. அதான் அப்புறம் யாரு கண்ணுக்கும் தெரியல. அந்தப் பொண்ணு பாவம் சார். அதுக்குச் சொல்லிட்டீங்களா?”

படிக்காதவன் பேச்சு என்று தள்ளிவிட்டு வர முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் இருந்த பழைய அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். அந்தப் போட்டியில் நீ அணிந்த எண்ணை எழுதினேன். குற்றம் என்ற இடத்தில் தரைத் தொடர்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடந்ததை விளக்கி ஒரு தாளும், சட்டையில் குத்தும் என் நடுவர் வில்லையும் சேர்த்து மறுநாள் காலை மாவட்ட நடுவர் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்தக் கடிதத்தின் நகலும் அவர்களுக்கும் ஏழுமலைக்கும் போகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். தபால் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உன் அம்மா வழக்கம்போல உன் பழைய போட்டி ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு முறை பார்த்த படம். “ஏங்க” என்று கூப்பிட்டாள். குரல் சரியில்லை. “இதுல இவன் காலு ஏன் தரையில பட மாட்டேங்குது?”

இனிமேல் எல்லோருக்கும் தெரியும், மகனே. உன் அம்மாவுக்கே தெரிந்துவிட்டது, அங்கே நிற்கப் போகிற நடுவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? உன் பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். ‘அதையெல்லாம் நாங்க பாத்துக்குறோம் பெரியவரே’ என்று வைத்துவிட்டார். நீதான் செய்ய வேண்டும். முதலில் வேகத்தைக் குறை. உன் காலடிச் சத்தம் உன் காதில் விழும்வரை குறைத்துக்கொண்டே போ. கிழவன் நடக்கிற வேகத்துக்கு வந்தாலும் பரவாயில்லை, அதிலிருந்து ஆரம்பி. வியாழக்கிழமைக்குள் சத்தம் வந்தால் போ. வராவிட்டால் உன் இடத்தை வேறொருவனுக்குக் கொடு. எதுவானாலும் அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்காமல் சொல். எத்தனை வருடம் நடந்து அவள் அந்த நீலக் கோட்டு போடும் இடத்துக்கு வந்தாள் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு, வருவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும். இன்னொரு பிள்ளையைக் கேட்காமல் நாம் வெளியே அனுப்பக் கூடாது.

அவள் போன் நம்பர் உன் அக்கா மூலம் என்னிடம் வந்துவிட்டது. எனக்கு இந்தி தெரியாது என்பது உனக்குத் தெரியும். நேற்று டயர் மாற்ற நின்ற ராஜஸ்தான் லாரி டிரைவரிடம் இந்தியில் இரண்டு வாக்கியம் கேட்டுக்கொண்டேன். நம் ரோட்டில் பல வருடமாக ஓட்டுகிறவன், தமிழ் ஓரளவு பேசுவான். முதல் வாக்கியத்துக்கு அர்த்தம் புரிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். “யாரு காலு பெரியவரே?” என்று கேட்டான். என் மகன் என்றேன். ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான். ஆனாலும் இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அவளுக்குப் போன் செய்வேன். நீ சொல்லியிருக்கிறாயா என்பது அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும். சொல்லியிருக்காவிட்டால் முதல் வாக்கியத்தைச் சொல்வேன்: அவன் கால் தரையில் படுவதில்லை. சொல்லியிருந்தால் இரண்டாவதைச் சொல்வேன்: நன்றாக நட, மகளே.

இரண்டில் முதலாவதுதான் எனக்கு இன்னும் நாக்கில் சரியாக வரவில்லை.

உன் அப்பா